‘யார் நீ?’: பேயோட்டும் கதைகளைத் திறக்கும் ஒரு கேள்வி

அக்கா மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்த கையோடு ஓர் ஆனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், தொடரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் நாள் மாலை அடுத்த அறையிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டாள்.

“மாமா, இங்க கொஞ்சம் வாங்களேன். இந்தப் பையன் எதுக்கு பைபிளை ஒப்பிச்சுக்கிட்டே இருக்கான்? பேய் கிட்ட வந்துடுச்சு. அடிச்சு விரட்ட வேண்டியதுதானே?”

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ‘ப்ளூ எக்ஸார்சிஸ்ட்’. கசுவே கதோ என்ற ஜப்பானிய ஓவியர் 2009-இல் ‘ஜம்ப் ஸ்கொயர்’ மாத இதழில் மாங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, தொடங்கிய கதை; 2011-இல் ஆனிமே ஆனது. எனக்கும் பிடித்த தொடர்தான். அவள் கேட்டதற்கு அப்போது ஒரே வரியில்தான் பதில் சொன்னேன்: “அது யாருன்னு அவனுக்குத் தெரியலம்மா. அதனாலதான் முழுசையும் ஓதுறான்.” அவள் தலையாட்டிவிட்டுப் படத்தைத் தொடர்ந்தாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. பேய் பிடிப்பது, பேயோட்டுவது இரண்டையும் வைத்து எழுதப்படும் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சில விதிகள் உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டால் இந்தக் கதைகள் இன்னும் சுவையாகிவிடும். முதல் முறை இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘அர்பன் ஃபேன்டஸி’ என்ற சொல்லை முதலில் பார்த்துவிடலாம். ராஜா, கோட்டை, டிராகன் எல்லாம் இருக்கும் தனி உலகம் ஒன்றைப் படைத்து அதற்குள் நடக்கும் மாயக்கதை ஒரு வகை. அர்பன் ஃபேன்டஸி அப்படி இல்லை. பேருந்து, பள்ளிக்கூடம், கைப்பேசி, மளிகைக்கடை என்று நாம் புழங்கும் இதே நகரத்துக்குள் மாயம் ஒளிந்திருக்கும். பெரும்பாலானோர் கண்ணுக்கு அது தெரியாது. சிலருக்கு மட்டும் தெரியும். ப்ளூ எக்ஸார்சிஸ்டில் அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருப்பார்கள்: பேயால் ஒரு காயமோ நோயோ பட்டவர்களுக்குத்தான் அதன் பிறகு பேய்கள் கண்ணில் படும். அந்தக் காயத்துக்கு ‘மாஷோ’ என்று பெயர். பட்டவர்களுக்கே தெரியும் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோமே, அதைக் கதை அப்படியே சட்டமாக்கி வைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் தமிழில் மட்டும் வரும். நம் ஊரில் பேய் என்றால் பெரும்பாலும் செத்துப்போன ஒரு மனுஷன் அல்லது மனுஷி. அகாலமாகச் செத்தவர், ஆசை தீராமல் போனவர். இந்தக் கதைகளில் வரும் ‘டீமன்’ அப்படியல்ல. அது ஒருநாளும் மனிதனாக இருந்ததில்லை, தனி இனம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேச்சில் வரும் ‘பிசாசு’ அதற்குக் கொஞ்சம் நெருக்கம். நான் இங்கே வசதிக்காகப் பேய் என்றே எழுதுகிறேன். ஆனால் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, பேய்க்கு எதற்கு மனித உடம்பு?

இந்தத் தொடரில் உலகம் இரண்டு. நாம் வாழும் பருப்பொருள் உலகம் ‘அஸ்ஸையா’. பேய்களின் உலகம் ‘கெஹென்னா’. இரண்டும் ஆசிரியர் புதிதாகக் கட்டிய பெயர்கள் இல்லை. யூத மறைஞான மரபான கபாலாவில் அசியா என்பது நான்கு உலகங்களில் கடைசி, செயலின் உலகம். கெஹென்னா எருசலேமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹின்னோம் பள்ளத்தாக்கின் பெயர். காலப்போக்கில் நரகத்துக்கே பெயராகிவிட்டது. பேய்க்கு நம் உலகத்தில் சொந்த உடம்பு கிடையாது. ஆகவே எதற்குள்ளாவது புகுந்தாக வேண்டும். செடிக்குள் புகலாம், பிணத்துக்குள் புகலாம், மிருகத்துக்குள்ளும் மனிதனுக்குள்ளும் புகலாம். எல்லாப் பேய்க்கும் எல்லா உடம்பும் தாங்காது. சாத்தானைத் தாங்கும் உடம்பு உலகத்திலேயே இல்லை. யாருக்குள் நுழைந்தாலும் அந்த உடம்பு ரத்தம் கக்கிச் சிதைந்துவிடும். தொடரின் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு விதியிலிருந்துதான் கிளம்புகிறது: தன்னைத் தாங்கும் ஓர் உடம்பு வேண்டும் என்ற தேடல்.

வீடில்லாத ஆவி என்ற இந்த எண்ணம் மிகப் பழையது. மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்லும் ஒரு சிறு கதை உண்டு. அசுத்த ஆவி ஒருவனை விட்டு வெளியேறி, தண்ணீரில்லாத இடங்களில் அலைகிறது. தங்க இடம் கிடைக்கவில்லை. ‘என் பழைய வீட்டுக்கே போகிறேன்’ என்று திரும்பி வருகிறது. வந்து பார்த்தால் வீடு காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. உடனே தன்னைவிடக் கெட்ட ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே குடியேறுகிறது. பேயை ஓட்டினால் மட்டும் போதாது, ஓட்டிய இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்ற கவலை அப்போதே இருந்திருக்கிறது.

உள்ளே வர வழி வேண்டுமல்லவா? அங்கேதான் இந்த வகைக் கதைகள் மனித மனத்தைத் தொடுகின்றன. முதல் இரண்டு எபிசோடைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். கதாநாயகன் ரின்னை வளர்த்தவர் ஃபுஜிமோட்டோ என்ற பாதிரியார், பேயோட்டிகளிலேயே முதன்மையானவர். சாத்தான் எத்தனையோ வருஷமாக முயன்றும் அவருக்குள் நுழைய முடியவில்லை. ஒருநாள் சண்டையில் ரின் வாய் தவறி, ‘இனிமேல் அப்பா மாதிரி நடந்துகொள்ளாதே’ என்ற அர்த்தத்தில் ஒன்று சொல்லிவிடுகிறான். அவர் அவனை ஓர் அறை அறைகிறார். அவ்வளவுதான். அந்த நொடியில் அவர் மனம் ஆட்டம் காண, சாத்தான் அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடுகிறான். வாளும் துப்பாக்கியும் ஜெபமும் காத்துவந்த ஓர் ஆளை, பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை திறந்துவிடுகிறது. இதைவிட நன்றாக ‘பேய் பிடித்தல்’ என்பதை யாரும் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அக்கா மகள் கேட்ட கேள்வி. ஏன் ஒப்பிக்கிறான்?

இந்தத் தொடரில் பேயோட்டிகள் ஐந்து வகை. வாள் பிடிப்பவர் நைட், துப்பாக்கி பிடிப்பவர் டிராகூன், பேயையே அழைத்து வேலை வாங்குபவர் டேமர், மருத்துவம் பார்ப்பவர் டாக்டர், மந்திரமோ மறைநூலோ ஓதுபவர் அரியா. ஒவ்வொரு பேய்க்கும் அதை வீழ்த்தும் வசனம் ஒன்று இருக்கிறது. அது எது என்று தெரிந்தால் ஒரு வரியிலேயே காரியம் முடிந்துவிடும். தெரியாவிட்டால்?

அக்கா மகள் பார்த்த காட்சியில் மாணவர்களுக்குப் பரீட்சை நடக்கிறது. அழுகிய உடம்போடு ஒரு பேய் அறைக்குள் வந்துவிட்டது. தோழி ஒருத்தி செடிகொடிகளை வளர்த்துத் தடுப்புப் போடுகிறாள். அதற்குப் பின்னால் உட்கார்ந்து சுகுரோ, கோனெகோமாரு என்ற இரண்டு பையன்கள் யோவான் நற்செய்தியைப் பங்கு பிரித்துக்கொண்டு மனப்பாடமாக ஓதுகிறார்கள். இந்த வகைப் பேய்க்கான வசனம் அந்த நூலில்தான் இருக்கும் என்பது வரை தெரியும். எந்த வசனம் என்பது தெரியாது. யோவானில் மொத்தம் 21 அதிகாரங்கள். தடுப்பு போட்ட பெண் சோர்ந்து விழப்போகிறாள், பேய் நெருங்குகிறது, பையன்கள் ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில்தான் அந்த வசனம் வருகிறது.

இது ஆசிரியரின் கற்பனை மட்டும் இல்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மெசொப்பொத்தேமியாவில் ‘ஆஷிப்பு’ என்று ஒரு தொழில்காரர் இருந்தார். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதிப் பேயோட்டுவது அவர் வேலை. அவர்கள் ஓதிய நூல்களில் ஒன்று ‘உதுக்கு லெம்னூத்து’, அதாவது கெட்ட பேய்கள் என்ற தொகுப்பு. களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. அதில் ஒரு பகுதி முழுக்கப் பட்டியல்தான். நீ புதைக்கப்படாமல் கிடந்தவனா, பாலைவனத்தில் செத்தவனா, பசியால் செத்தவனா, தாகத்தால் செத்தவனா, ஆற்றில் மூழ்கியவனா, உனக்குத் தண்ணீர் வார்க்க ஆளில்லாமல் போனதா என்று போய்க்கொண்டே இருக்கும். வந்திருப்பது யார் என்று ஆஷிப்புவுக்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் விளித்துவிடுகிறார். விட்டுப்போன ஒருவராக அது இருந்துவிட்டால் ஓதியது அத்தனையும் வீண். அந்தக் களிமண் பலகைக்கும் சுகுரோவின் ஒப்பித்தலுக்கும் நடுவில் நூல் ஒன்று ஓடுவது தெரிகிறதா?

அதே நிலத்தில் பாசூசு என்ற பேய் உண்டு. நாய் போன்ற முகம், பருந்துக் கால்கள், நான்கு சிறகுகள், தேள் வால். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அதன் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. சுமார் 15 சென்டிமீட்டர் உயரம்தான். முதுகுப் பக்கம் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: நான் பாசூசு, ஹன்பியின் மகன், கெட்ட காற்றுப் பேய்களின் அரசன். பேர், தகப்பன் பேர், பதவி மூன்றையும் பேயே தன் வாயால் சொல்கிறது. பேர் தெரிந்த பேயை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கருவுற்ற பெண்களையும் பச்சைக் குழந்தைகளையும் தாக்கும் லமஷ்டு என்ற பெண்பேயை விரட்ட, பாசூசுவின் தலையைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். பேயைக் கொண்டு பேயை விரட்டும் டேமர் இங்கேயே தொடங்கிவிட்டார்.

கேள்வி கேட்பதை ஒரு முறையாகவே ஆக்கிய நூல் ‘சாலமோனின் ஏற்பாடு’. கிரேக்க மொழியில், கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் உருவானது. இதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். எருசலேமில் ஆலயம் கட்டும் வேலை நடக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒரு சிறுவன்மேல் சாலமோன் ராஜாவுக்குப் பிரியம். மற்றவர்களைவிட இரட்டிப்புக் கூலி தருகிறார். ஆனாலும் பையன் நாளுக்கு நாள் மெலிகிறான். கூப்பிட்டு விசாரித்தால், ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் ஒரு பேய் வந்து கூலியிலும் சாப்பாட்டிலும் பாதியை எடுத்துக்கொண்டு, தன் வலது கைக் கட்டைவிரலைச் சப்பிவிட்டுப் போகிறது என்கிறான். சாலமோன் ஜெபிக்க, முத்திரை மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதை அந்தப் பையனிடமே கொடுத்துப் பேயைப் பிடித்துவரச் சொல்கிறார். பிறகு ஒவ்வொரு பேயாக வந்து நிற்க, ராஜா கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். நீ யார்? உன் வேலை என்ன? எந்த வானதூதருக்கு நீ பயப்படுவாய்? கடைசிக் கேள்விக்கான பதில்தான் மருந்து. பெயர், நோய், மருந்து மூன்றும் ஒரே விசாரணையில் வெளிவருகின்றன. இன்று தொடர்களிலும் விளையாட்டுகளிலும் பேய்களுக்குப் பட்டியலும் பதவியும் வரிசை எண்ணும் இருப்பது இந்த மரபிலிருந்து வந்ததுதான். பின்னாளில் 17-ஆம் நூற்றாண்டு மந்திரச் சுவடிகளில் அந்தப் பட்டியல் 72 பேயாக விரிந்தது. அஸ்தரோத், அமைமோன், பெயெல்செபூப் என்று ப்ளூ எக்ஸார்சிஸ்டில் வரும் பேயரசர் பெயர்களையும் இப்படிப்பட்ட பழைய பட்டியல்களில் பார்க்கலாம்.

மாற்கு நற்செய்தியில் வரும் காட்சியைப் பலர் கேட்டிருப்பீர்கள். கல்லறைகளில் திரிந்து, சங்கிலியை முறித்து, கற்களால் தன்னையே கீறிக்கொள்ளும் ஒருவன். இயேசு அவனிடம் பேர் என்னவென்று கேட்கிறார். ‘லேகியோன்’ என்று பதில் வருகிறது, நாங்கள் அநேகர் என்ற விளக்கத்தோடு. லேகியோன் என்பது ரோமாபுரிப் படைப்பிரிவு, ஏறக்குறைய ஐந்தாறாயிரம் வீரர்கள். ரோமர்கள் ஆண்டுகொண்டிருந்த மண்ணில் ஒரு பேய் தன் பேராக அந்தப் படையின் பேரைச் சொல்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதுகில் ஜில்லென்றிருக்கும். அந்தப் பேய்கள் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு சுமார் 2,000 பன்றிகளுக்குள் புகுந்து கடலில் விழுகின்றன. அப்போதும் ஓர் உடம்பு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

பேரைக் கேட்பவர் பேரும் முக்கியம். அப்போஸ்தலர் நடபடிகளில் எபேசு பட்டணத்துச் சம்பவம் ஒன்று வருகிறது. ஸ்கேவா என்பவரின் ஏழு பிள்ளைகள், பவுல் செய்வதைப் பார்த்துவிட்டு, பவுல் பிரசங்கிக்கும் இயேசுவின் பேரால் ஆணையிடுகிறோம் என்று பேயோட்டக் கிளம்பினார்கள். பேய் திருப்பிக் கேட்டது: இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார்? கேட்டதோடு விடாமல் பாய்ந்து அடிக்க, அவர்கள் துணியில்லாமல் காயத்தோடு அந்த வீட்டை விட்டு ஓடினார்கள். இரவல் வாங்கிய அதிகாரம் செல்லாது. பேயோட்டிகளுக்குப் பள்ளி, பயிற்சி, பரீட்சை, உரிமம் எல்லாம் இந்தத் தொடர்களில் ஏன் இருக்கின்றன என்றால் காரணம் இதுதான். நிஜத்திலும் அப்படியே. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1172-ஆம் விதி, மறைமாவட்டத் தலைவரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டும் சடங்கை நடத்தக் கூடாது என்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். நான் எட்டாவது படிக்கும்போது, அம்மாச்சி ஊரில் கோடாங்கி ஒருவர் பேயோட்டியதைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தேன். முற்றத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த அந்த அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். கோடாங்கி உடுக்கையை அடித்து அடித்து நிறுத்தி, “யாரு நீ? எந்த ஊரு? எதுக்காக இந்தப் புள்ளையப் புடிச்ச?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் வேறு குரலில் ஒரு பேர் வந்தது. கண்மாயில் விழுந்து செத்துப்போன ஒரு பெண்ணின் பேர். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, “ஆத்தா, நீயா?” என்றார். அதில் பயமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு பேரம் நடந்தது. என்ன வேண்டும்? கறிச்சோறு வேண்டும், பூ வேண்டும், மை வேண்டும். கொடுத்தால் போவியா? போவேன். சத்தியம்? சத்தியம். உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்து ஊருக்கு வெளியே புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு வந்தார்கள்.

அன்றைக்கு எனக்குப் பேய் பற்றிய பயம்தான் இருந்தது. இப்போது யோசித்தால் வேறொன்று படுகிறது. அந்தக் கண்மாய்ப் பெண்ணைப் பற்றி ஊர் பல வருஷமாகப் பேசாமலே இருந்திருக்கிறது. அவள் ஏன் விழுந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் திண்ணைகளில் அவளைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஆக, பேயோட்டுவதில் இரண்டு வழி இருக்கிறது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒன்று கட்டளை, மற்றது பேரம். கட்டளையில் பேரைக் கேட்பது அடக்குவதற்கு. பேரத்தில் பேரைக் கேட்பது குறையைக் கேட்பதற்கு. ஐந்தாம் பவுல் போப்பாக இருந்தபோது 1614-இல் வெளியான ‘ரோமன் சடங்கு நூல்’ முதல் வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு. பேயின் பேர், எத்தனை பேய்கள், எப்போது நுழைந்தன, எதற்காக என்பதையெல்லாம் கேட்கச் சொல்கிறது. அதோடு நிறுத்து, வீண் ஆவலில் வேறெதையும் கேட்டுப் பேச்சுக் கொடுக்காதே, அது பொய் சொல்லும் என்றும் எச்சரிக்கிறது. அங்கே பேய் மனிதனாக இருந்ததில்லை அல்லவா, அதற்கு நியாயமான குறை எதுவும் இருக்க முடியாது.

இரண்டாம் வழி நம் கோடாங்கிக்கு மட்டும் சொந்தமில்லை. 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேது நகரத்து யூதர்களிடையே ‘திப்புக்’ பற்றிய கதைகள் பெருகின. அந்தச் சொல்லின் வேர் ஒட்டிக்கொள்வது என்ற பொருள் உடையது. செத்தவரின் ஆன்மா உயிரோடிருப்பவரை ஒட்டிக்கொள்கிறது. ரப்பி, அதாவது யூத மதகுரு, அதன் பேரையும் பாவத்தையும் கேட்டறிந்து, அதன் ஆன்மா சாந்தியடைய வழி செய்து, உடம்புக்குச் சேதமில்லாமல் கால் சுண்டுவிரல் வழியாக வெளியே போகச் சொல்வார். ஜப்பானில் ‘கிட்சுனேத்சுகி’, அதாவது நரி பிடிப்பது. நரி வந்தவரிடம் ஏன் வந்தாய், என்ன வேண்டும் என்று விசாரித்து, சிவப்புப் பயறுச் சோறோ பொரித்த டோஃபுவோ குறிப்பிட்ட இடத்தில் வைப்பதாக ஒப்புக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். ஷிமானே வட்டாரத்தில் சில குடும்பங்களுக்கு ‘நரி வைத்திருப்பவர்கள்’ என்று முத்திரை குத்தி, அவர்கள் வீட்டில் பெண் எடுக்கக்கூட மறுத்தார்கள். ப்ளூ எக்ஸார்சிஸ்டின் மூன்றாவது சீசன், 2024 தொடக்கத்தில் வந்தது, இந்த ஷிமானேயில்தான் நடக்கிறது. நரி வழிபாட்டுக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் கதை. மேலே சொன்னதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவளுடைய முன்கோபத்தின் பின்னால் இருப்பது நன்றாகப் புரியும்.

இவ்வளவும் கதைக்குள். கதைக்கு வெளியே ஒரு வார்த்தை சொல்லாமல் போக என்னால் முடியவில்லை.

1614 நூலின் விதிகளில் தொடக்கத்திலேயே வருவது, ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்பது. நோயாளிகளிடமிருந்து பிரித்தறியச் சொல்கிறது அது. சங்கப் பாடல்களில் வரும் வெறியாட்டும் இதே இடத்தில்தான் நிற்கிறது. மகள் மெலிகிறாள், தாய் பதறி முருகனின் பூசாரியான வேலனைக் கூப்பிடுகிறாள், வேலன் கழங்கு போட்டுப் பார்த்து இது முருகனால் வந்தது என்று ஆட்டை அறுத்து ஆடுகிறான். பெண்ணுக்கு வந்ததோ காதல் நோய். நற்றிணை 34-இல் தோழி முருகனையே பார்த்து, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே’ என்கிறாள். நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் அறியாதவன்தான், இந்த நோய் உன்னால் வரவில்லை என்று தெரிந்தும் இங்கே வந்து நிற்கிறாயே என்ற கண்டிப்பு. யார் என்று கேட்பதற்கு முன்னால் என்ன என்று கேட்கத் தெரிந்திருந்த தோழி அவள்.

அந்தக் கேள்வியைத் தவறவிட்ட இடங்களில் உயிர் போயிருக்கிறது. ஜெர்மனியில் அன்னலீசா மிஷேல் என்ற கல்லூரி மாணவிக்கு வலிப்பு நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். பிறகு சிகிச்சை பின்னுக்குப் போய், ஆயர் அனுமதியோடு 67 முறை பேயோட்டும் சடங்கு நடந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டிருந்த அவர் 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், எலும்பும் தோலுமாக இறந்தார். 1978-இல் பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். பேய் பிடித்ததாக நம்பி மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கூட்டிவந்த நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். வீட்டில் யாராவது தனக்குள் குரல் கேட்கிறது என்றால், தூங்காமல் கிடந்தால், ஆளே மாறிப்போனால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. நான் பார்த்த அந்த அக்காவையும் யாராவது தனியாகக் கூட்டிப் போய், புகுந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

மறுபடி தொடருக்கு வருகிறேன். ப்ளூ எக்ஸார்சிஸ்டில் பாதிரியார் அங்கியும் யோவான் நற்செய்தியும் இருக்கின்றன; கியோட்டோவிலிருந்து வந்த பையன்களுக்குப் பௌத்த மந்திரம் தெரியும்; இன்னொருத்தி நரிகளை அழைக்கிறாள். மூன்று மதத்துச் சாமான்களையும் ஒன்றாகக் கொட்டி வைத்ததுபோல முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் கட்டளை வழி, பேர வழி இரண்டும் ஒன்றோடொன்று மோதும் களமாக அந்தப் பள்ளி இருப்பது தெரியும். பேய் என்றாலே கொல் என்பவர்கள் ஒரு பக்கம். ரின் இன்னொரு பக்கம். அவன் சாத்தானின் மகன். ‘யார் நீ?’ என்ற கேள்வியை மற்ற பேயோட்டிகள் பேயைப் பார்த்துக் கேட்கும்போது, இவனிடம் அதை வகுப்புத் தோழர்கள் கேட்கிறார்கள். கூடப்பிறந்த இரட்டையன் யூகியோவே கேட்கிறான். இவனிடம் தயாரான பதில் இல்லை.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வழிகாட்டல். 2011 சீசனின் கடைசிப் பகுதி மாங்காவிலிருந்து விலகித் தனியாக ஒரு முடிவைக் கட்டிக்கொண்டது. 2017-இல் வந்த கியோட்டோ சீசன் அந்த முடிவை ஏற்காமல் மாங்கா வழியே போகிறது. இது தெரியாமல் அடுத்தடுத்துப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். குழப்பம் வேண்டாம் என்றால் மாங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளிடம் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது களிமண் பலகை, கட்டைவிரல் சப்பும் பேய், கோடாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப எல்லாப் பேயும் பேர் கேட்டா போயிடுமா மாமா?” என்றாள். அவள் பார்த்து நிறுத்தியிருந்த இடத்திலிருந்து இன்னும் சில எபிசோட் தள்ளி ஒரு பூனை வரும். குரோ என்று பேர். செத்துப்போன ஃபுஜிமோட்டோவிடம் வேலை பார்த்த பேய்ப்பூனை. எஜமான் திரும்பி வருவார் என்று பள்ளி வாசலைக் காத்துக்கொண்டிருக்கும். அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் மலைபோல உருவெடுத்து வெறிபிடித்து நிற்கும். மற்றவர்கள் ஆயுதத்தை எடுக்க, ரின் மட்டும் அதன் முன்னால் போய்த் தலையோடு தலை மோதுவான். பிறகு, ஃபுஜிமோட்டோ அந்தப் பூனைக்காகவே காய்ச்சி வைத்திருந்த மதுவை எடுத்து வந்து அதன் பக்கத்தில் உட்கார்வான். அதன் அழுகுரல் அங்கே அவனுக்கு மட்டும்தான் புரிகிறது.

அதைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. “நீயே பாரு” என்று சொல்லிவிட்டேன்.